இந்தா வந்துட்டேன்

வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஒருவர் வீட்டுக்கு வருவதென்றால் பெட்டி கட்ட வேண்டும், விமானம் ஏற வேண்டும், இறங்க வேண்டும், அவ்வளவுதான் என்று தாராவியில் பலர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். விவரம் தெரியாத ஜனங்கள். அந்த அறியாமையைப் போக்குவதற்காகவே செம்பூரில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் ‘அயலகப் பணியாளர் தாயகம் திரும்பல் ஆயத்த நிலையம்’ திறக்கப்பட்டது. லிஃப்ட் உண்டு, திறப்பு விழா அன்று அது ஓடியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். படி ஏறி முடித்தவுடன் எதிர்ச் சுவரில் ‘தயாராகாமல் வராதீர்கள்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். அதை வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்குச் சொல்கிறார்களா, மூச்சு வாங்கப் படியேறி வந்தவர்களுக்குச் சொல்கிறார்களா என்பது பூமாரிக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

பூமாரி தாராவி தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால் ஒரு பட்டறையில் பைகளுக்கு ஜிப் தைக்கிறவள். அவள் கணவன் சுடலைக்கண்ணன் ஆறு வருஷமாக வளைகுடாவில் சாரம் கட்டும் வேலை பார்த்தான். டிசம்பர் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அவனுடைய முதலாளி கம்பெனியைப் பூட்டிவிட்டு எங்கேயோ போய்விட்டான். நாற்பது பேருடைய பாஸ்போர்ட்டும் பூட்டுக்கு உள்ளே, நாற்பது பேரும் வெளியே. சுடலைக்கண்ணனுக்குச் சர்க்கரை வியாதி. கேம்ப்பில் மாத்திரை தீர்ந்துபோய் மூன்று வாரம் ஆகியிருந்தது. வலது கால் சுண்டு விரலில் ஆணி கீறிய புண் ஆறாமல் கறுத்துக்கொண்டு வந்தது.

பாஸ்போர்ட் இல்லாவிட்டாலும் ஊர் திரும்ப ஒருவழித் தாள் ஒன்று அங்கே நம் தூதரகத்தில் கொடுப்பார்கள். ஆனால் அதற்குக் குடும்பம் இருக்கும் ஊரிலிருந்து ‘ஆயத்தச் சான்று’ போக வேண்டும். வருகிறவரை ஏற்றுக்கொள்ள வீடு தயார், குடும்பம் தயார், வருகிறவரும் தயார் என்று அந்த மூன்றாவது மாடியில்தான் முத்திரை குத்துவார்கள். ஜனவரியில் பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு பூமாரி பஸ் ஏறிப் போனாள்.

கவுண்டரில் மாலதி என்ற பெண் ஒரு படிவத்தை நீட்டினாள். ‘திரும்பி வருவதற்கான காரணம்’ என்ற இடத்தில் ஆறு கட்டங்கள். பண்டிகை, திருமணம், முதலீடு, சுற்றுலா, ஆன்மிகம், ஓய்வு.

“மேடம், அவியளுக்குக் கால்ல புண்ணு. அதுக்குக் கட்டம் இல்லியே?”

மாலதி எட்டிப் பார்த்தாள். “பண்டிகைன்னு டிக் பண்ணுங்க. அதான் சல்தி, சீக்கிரமா நகரும்.”

“புண்ணுக்கும் பண்டிகைக்கும் என்ன சம்பந்தம்?”

“அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க. என்ன பண்டிகைன்னுதான் கேப்பாங்க.”

“சித்திரையில எங்க அம்மன் கோயில் கொடை வருது.”

“கொடை கம்ப்யூட்டர்ல இல்ல. தீபாவளி போடட்டா?”

தீபாவளி என்று போட்டால் சான்று அக்டோபரில்தான் கைக்கு வரும். காரணம் எதிலும் அடங்காதவர்கள் வெள்ளைத் தாளில் தமிழில் மனு எழுதித் தரலாம், அதைத் துணை இயக்குநரே நேரில் படிப்பார் என்றாள் மாலதி. பூமாரி “வாறேன் மேடம்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். எங்கேயிருந்து கிளம்பினாலும் அப்படிச் சொல்லித்தான் அவளுக்குப் பழக்கம். மாலதி அதையும் குறித்துக்கொண்டாள். மனுதாரர் மீண்டும் வருவதாகச் சொன்னார் என்று எழுதினால்தான் கோப்பு உயிரோடு இருக்கும், அது அந்த நிலையத்தின் விதி.

மனுவை மகள் கோகிலவாணி எழுதினாள். ஒன்பதாம் வகுப்பு, இங்கிலீஷ் மீடியம். தமிழ் பேசுவாள், இந்தியில் சண்டை போடுவாள், தமிழ் எழுதச் சொன்னால் பேனாவைக் கடிப்பாள். இரண்டு நாள் கடித்து எழுதினாள்.

துணை இயக்குநர் வெங்கடேஷ் மாட்டுங்காக்காரர். அவர் தாத்தா காலத்திலேயே மும்பைக்கு வந்துவிட்ட குடும்பம். இருந்தாலும் தமிழை விடாதவர். மேஜையில் சிவப்பு மை பேனா வைத்திருந்தார். மனுவை வாங்கி முதல் வரியிலேயே நின்றுவிட்டார்.

“‘என் கனவர்’னு எழுதியிருக்கு. றன்னகரமா டண்ணகரமா? கனவர்னா யாரு? கனவுல வர்றவரா?”

“பிள்ள தெரியாம எழுதிட்டா சார்.”

“பாருங்கோம்மா, நான் இதை அப்படியே கம்ப்யூட்டர்ல ஏத்திட்டேன்னா, கனவுல வர்றவருக்கு இந்த நிலையம் சான்று கொடுத்ததா ஆயிடும். எழுத்துல ஒண்ணு தப்பினா எல்லாம் தப்பிடும். நீங்க திருத்தி எடுத்துண்டு வாங்கோ. எனக்கு ஒண்ணும் அவசரமில்லை.”

அவருக்கு அவசரமில்லை என்பது உண்மைதான். பூமாரி மூன்று முறை திருத்திக்கொண்டு போனாள். மூன்றாவது முறை கணவர் சரியாக இருந்தார். புண்ணுக்கு ஒரு ‘ண்’ குறைந்தது, அதை அவரே பெருந்தன்மையோடு போட்டுக்கொடுத்தார். கூடவே புண்ணின் புகைப்படம் கேட்டார். விதிப்படி எந்தப் புகைப்படமும் வெள்ளைப் பின்னணியில் இருக்க வேண்டும், எந்த நிழலும் விழக் கூடாது.

கேம்ப்பில் சுடலைக்கண்ணனுக்குப் பக்கத்துக் கட்டில் நாகர்கோவில் பையன் ஜெனிஷ். போன் அவனுடையது. அவன்தான் தன் ஞாயிற்றுக்கிழமை வேட்டியைத் தரையில் விரித்து, அதன்மேல் சுடலைக்கண்ணனின் காலைத் தூக்கி வைத்துப் படம் எடுத்தான். பூமாரி அதைப் பிரிண்ட் போட்டுக் கவரில் வைத்துக் கொண்டுபோனாள். வழி முழுக்க அந்தக் கவரை அவள் திறக்கவே இல்லை.

மாலதி படத்தைத் திருப்பித் தள்ளினாள். “ரிஜெக்ட் ஆயிடும். அஞ்சு விரலும் தெரியணும்.”

“நாலுதான் இருக்கு மேடம். போன வாரம் அங்க ஒரு தர்மாஸ்பத்திரியில எடுத்துட்டாவ.”

மாலதிக்கு முகம் வாடித்தான் போனது. கல் மனசுக்காரி இல்லை அவள். ஆனால் திரையில் ‘விரல்கள் – 5’ என்பது ஏற்கெனவே அச்சாகி வந்தது, அதை மாற்ற அவளுக்கு அதிகாரம் கிடையாது. கடைசியில் இடது காலைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னாள். அது ஏற்கப்பட்டது.

பிப்ரவரியில் வீட்டு ஆயத்தம் பார்க்க ஒரு ஆய்வாளர் வந்தார். பூமாரியின் வீடு பத்துக்குப் பதினொன்று, மேலே ஏணி வைத்து ஏறுகிற போட்மாளா என்கிற பரண். அவர் டேப்பை விரித்து அளந்தார், அடுப்பை அளந்தார், படுத்துத் தூங்கிக்கொண்டிருந்த பூனையைத் தாண்டிப்போய் அளந்தார். திரும்பி வருபவருக்குத் தனியாக நாற்பத்தைந்து சதுர அடி வேண்டும் என்றார். அத்தனை இடம் இருந்தால் அவர் ஏன் வெளிநாடு போகிறார் என்று பூமாரி கேட்டாள். ஆய்வாளர் அதைக் கேள்வியாக எடுத்துக்கொள்ளவில்லை. ‘சட்டை மாட்ட ஆணி – உண்டு, ஒன்று’ என்று எழுதினார். சிரமமானால் மகளை உல்லாஸ்நகரில் யாராவது உறவினர் வீட்டில் விடலாம் என்று யோசனையும் சொன்னார். மகளை விட முடியாதென்றதால் தண்ணீர் டிரம்மை வெளியே தள்ளி அளவைச் சரிக்கட்டினார்கள்.

அடுத்தது குடும்ப ஆயத்தப் பயிற்சி. மூன்று நாள், காலை பத்து முதல் ஐந்து. பட்டறைக்காரர் முணுமுணுத்தார், பூமாரி போனாள். வெங்கடேஷே வகுப்பெடுத்தார். திரும்பி வருகிறவரிடம் முதல் ஒரு மணி நேரம் எதுவும் கேட்கக் கூடாது. இரண்டாவது நாளில் எதிர்காலத் திட்டம் பற்றி மென்மையாகப் பேச்சைத் தொடங்க வேண்டும். அழுவதாக இருந்தால் வந்தவர் குளிக்கப் போயிருக்கும்போது அழ வேண்டும். மூன்றாம் நாள் செயல்முறைத் தேர்வு. நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, அதுதான் திரும்பி வந்தவர் என்றார்கள். ஒவ்வொரு பெண்ணும் கதவைத் திறந்து நாற்காலியை வரவேற்க வேண்டும்.

பூமாரியின் முறை வந்தது. அவள் நாற்காலியைப் பார்த்தாள். உட்காருகிற இடத்தில் ஒரு கீறல் ஓடியிருந்தது. “வாங்க” என்றாள். நாற்காலியின் வலது காலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“சிரிப்பு இல்லை, கண்ணைப் பார்க்கலை” என்று சொல்லி வெங்கடேஷ் பத்துக்கு ஆறு போட்டார். தேர்ச்சி ஐந்து. சான்றிதழ் கொடுத்தார்கள்.

சுடலைக்கண்ணனின் மன ஆயத்தம் மட்டும் பாக்கி இருந்தது. மார்ச் இருபத்தெட்டாம் தேதி வீடியோவில் விசாரணை. வெங்கடேஷின் மேஜைக்கு இந்தப் பக்கம் பூமாரி உட்கார்ந்திருக்க, திரையில் சுடலைக்கண்ணன் தெரிந்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. புதுச் சட்டை போட்டிருந்தான். அது ஜெனிஷுடையது என்பது தோளில் தெரிந்தது. கால் தெரியாதபடி போனை மேலே தூக்கிப் பிடிக்கச் சொல்லியிருந்தான்.

பெயர், தகப்பன் பெயர், பிறந்த இடம் எல்லாம் கேட்டார் வெங்கடேஷ். தாய்நாட்டின் வளர்ச்சியில் அவர் எவ்வகையில் பங்களிக்க விரும்புகிறார் என்று கேட்டார். “சாரம் கட்டுவேன் சார்” என்றான் சுடலைக்கண்ணன். கடைசியாக, தாயகம் திரும்ப மனதளவில் முழுமையாக ஆயத்தமா என்றார்.

சுடலைக்கண்ணன் சிரித்தான். பெண் பார்க்க வந்த அன்றைக்குச் சிரித்த அதே சிரிப்பு.

“என்ன சார் இப்பிடிக் கேக்கிய? நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க, இந்தா வந்துட்டேன்!”

பிறகு அவளைப் பார்த்து, “ஏ பூமாரி, கொடைக்கு நான் அங்க இருப்பேன், கேட்டியா?” என்றான். அதற்குள் நேரம் முடிந்துவிட்டது. விசாரணை முழுவதும் ஒலியாகப் பதிந்து, தட்டச்சாகி, கோப்பில் சேர்ந்தது.

ஏப்ரல் முதல் தேதி பட்டறையில் ஜிப் தைத்துக்கொண்டிருந்தபோது பூமாரியின் போனுக்கு நிலையத்திலிருந்து தமிழில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. ‘வாழ்த்துகள். திரு. சுடலைக்கண்ணன் வந்து சேர்ந்தார்.’

அவள் பாதிப் பையை மிஷினிலேயே விட்டுவிட்டு ஓடினாள். சந்துக்குள் இரண்டு பேரை இடித்துக்கொண்டு ஓடினாள். கதவு பூட்டிக் கிடந்தது. சாவி இல்லாமல் எங்கே போய் நிற்கிறாரோ என்று தெருமுனை வரைக்கும் போய்ப் பார்த்தாள், கோயில் வாசலில் பார்த்தாள், டீக்கடையில் கேட்டாள். கடைசியில் ஜெனிஷின் எண்ணுக்குப் போட்டாள். எடுத்தது சுடலைக்கண்ணன்.

“எங்க நிக்கிய?” என்றாள்.

“எங்க நிக்க? கேம்ப்புல படுத்துல்லா கெடக்கேன்” என்றான் அவன்.

மறுநாள் காலை நிலையம் திறக்கும் முன்பே அவள் படியில் உட்கார்ந்திருந்தாள். வெங்கடேஷ் கோப்பைப் பிரித்து, தட்டச்சான தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தார். ஒரு வார்த்தையின் கீழ் சிவப்பில் கோடு போட்டிருந்தது.

“அவரே சொல்லியிருக்காரே. ‘வந்துட்டேன்’. என்ன காலம் இது?”

“சார்?”

“இறந்த காலம். வந்துவிடுவேன்னா எதிர்காலம். வருகிறேன்னா நிகழ்காலம். வந்துட்டேன்னா முடிஞ்சு போச்சு. நாங்க கற்பனையா ஒண்ணும் எழுதறதில்லைம்மா. அவர் வாய்மொழியைத்தான் எழுதியிருக்கோம். வந்துட்டவருக்கு இனிமே ஆயத்தச் சான்று அனுப்ப முடியாது.”

“வாறதுக்கு முன்னால அப்பிடித்தான சார் சொல்லுவோம்? கூப்பிட்டா, இந்தா வந்துட்டேன்னு அடுப்படியில இருந்துக்கிட்டே சொல்லுதமே. நீங்க சொல்ல மாட்டியளா?”

“வீட்டுல சொல்லலாம். என் பொண்டாட்டி கூப்பிட்டா நானும்தான் சொல்றேன். ஆனா ஃபைல்ல சொல்லப்படாது.” குரலைத் தணித்துக்கொண்டார். “உங்ககிட்ட மறைக்கறதுக்கு என்ன? மார்ச் முப்பத்தொண்ணுக்குள்ள இருநூறு பேரைத் தாயகம் திரும்ப வைக்கணும்னு எங்களுக்கு இலக்கு. நூத்தித் தொண்ணூத்தொம்பதுல நின்னுது. உங்காத்துக்காரர்தான் இருநூறு. எவ்வளவு பெருமை! அவர் வரலைன்னு எழுதினா இந்த நிலையமே இலக்கை எட்டலைன்னு ஆயிடும். இருநூறு குடும்பத்தோட சந்தோஷத்தை ஒரு வார்த்தைக்காகக் கெடுக்கலாமா?”

“அவரு கால் அழுகுது சார்.”

“புரியறது. அதுக்கும் வழி இருக்கு. வந்ததாகப் பதிவானவர், தான் வரவில்லைன்னு உறுதிமொழி கொடுக்கலாம். படிவம் பதினேழு. ஆனா நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்.”

“நேர்லன்னா எங்க சார்?”

“இங்கதான்.”

பூமாரி அவர் முகத்தையே பார்த்தாள். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இயக்குநர் ஒருவரால்தான் இதை மாற்ற முடியும், அவர் பத்தாம் தேதி இருநூறாவது திரும்பல் விழாவுக்கு வருகிறார், குடும்பத்தோடு வந்துவிடுங்கள் என்றார். அவள் “வாறேன் சார்” என்று எழுந்தாள். மாலதி குறித்துக்கொண்டாள்.

விழாவில் மேடை, மாலை, ஒலிபெருக்கி எல்லாம் இருந்தது. பூமாரிக்குப் பக்கத்தில் ஒரு காலி நாற்காலி போட்டிருந்தார்கள். அதில் ஓடிய கீறலை வைத்து அது எந்த நாற்காலி என்று அவள் கண்டுகொண்டாள். இயக்குநர் இந்தியில் பேசினார். “மனிதர்களை யார் வேண்டுமானாலும் வீட்டுக்குக் கொண்டுவரலாம். விமானம் கொண்டுவரும், கப்பல் கொண்டுவரும். ஆனால் ஒருவர் அங்கிருந்து கிளம்பும் முன்பே அவரை இங்கே வந்து சேர வைத்த நிலையம் உலகத்தில் வேறெதுவும் இல்லை” என்றார். கைதட்டல் அடங்கச் சிறிது நேரம் ஆனது. நாற்காலிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பூமாரியிடம் மைக்கைக் கொடுத்தார்கள்.

“அவிய வரல” என்றாள் அவள். “எங்க வீட்டுக்காரவிய இன்னும் வரல. கால் முட்டுக்குக் கீழ கறுத்துப் போச்சு. எப்பிடியாவது கொண்டாந்துருங்க சாமி.”

இயக்குநருக்குத் தமிழ் தெரியாது. வெங்கடேஷ் அவர் காதில் எதையோ சொன்னார். இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆனந்தத்தில் இந்தச் சகோதரிக்குப் பேச்சு தடுமாறுகிறது என்று இந்தியில் சொன்னார். மறுபடியும் கைதட்டினார்கள். கோகிலவாணி மட்டும் கூட்டத்தின் நடுவிலிருந்து, “ஜூட் போல் ரஹே ஹோ ஆப் லோக்!” என்று கத்தினாள். பொய் சொல்கிறீர்கள் என்று இந்தியில் கத்தினால் யாருக்கும் புரியாமல் போகாது. அவளை மரியாதையாகக் கையைப் பிடித்து வெளியே கொண்டுபோய் விட்டார்கள்.

கொடைக்குப் பந்தக்கால் நாட்டிய அன்று பட்டறையில் ஜெனிஷின் போன் வந்தது. வழக்கமாக அவன் “எக்கா, அண்ணன்ட்ட குடுக்கேன்” என்றுதான் தொடங்குவான். அன்றைக்கு “எக்கா” என்றதோடு நின்றான். மிஷின் சத்தத்தில் கேட்கவில்லை என்று அவள் தெருவுக்கு வந்தாள்.

“காலைல எழுப்பினேன். எழும்பல, எக்கா.”

உடம்பு அங்கே ஆஸ்பத்திரிப் பிணவறையில் இருந்தது. அனுப்புவதற்கு அங்குள்ளவர்கள் தயார்தான், பெயர் மட்டும் ஒத்துப்போக வேண்டும். கம்ப்யூட்டரில் பார்த்தால் சுடலைக்கண்ணன் என்பவர் மார்ச் முப்பத்தொன்றிலேயே தாயகம் திரும்பி, தாராவியில் குடும்பத்தோடு வசிக்கிறார். ஆகவே பிணவறையில் இருப்பவர் யாரோ. செம்பூரிலிருந்து ஒரு திருத்தம் போனால் போதும் என்றார்கள்.

பூமாரி படி ஏறினாள். முகம் வீங்கியிருந்தது, தலை வாரவில்லை. மாலதி அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டாள், டோக்கன் கேட்கவில்லை. நேரே உள்ளே அழைத்துப்போனாள்.

வெங்கடேஷ் தண்ணீர் வரவழைத்துக் கொடுத்தார். மிகவும் வருந்தினார். வருத்தம் உண்மையானதுதான். பிறகு சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

“நடந்ததை உங்க வாயால ஒரே வாக்கியத்துல சொல்லுங்கோம்மா. நான் எழுதிக்கறேன்.”

“செத்துட்டாவ.”

அவர் எழுதினார். எழுதியதைப் படித்துப் பார்த்தார். தலையை ஆட்டினார். “இறந்த காலம். வாக்கியம் சரியா இருக்கு. ஆனா இதுல ஒரு சிக்கல். வந்தவர் செத்தார்னா, இங்க செத்திருக்கணும். அங்க செத்தார்னா, இங்கேயிருந்து திரும்பிப் போயிருக்கணும். போனதுக்கு அவர்கிட்ட டிக்கெட் இருக்கா?”

மேஜை மேல் அந்த விழாப் படம் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தது. பொன்னாடை போர்த்திய நாற்காலி, பக்கத்தில் அவள். பூமாரி அதையே பார்த்தாள்.

“நாளைக்கு இயக்குநர்கிட்ட கேட்டுப் பார்க்கறேன். நீங்க எப்ப வர்றேள்?” என்றார் வெங்கடேஷ்.

அவள் எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். அவரையும் பார்க்காமல், மாலதியையும் பார்க்காமல், கதவைத் திறந்து வெளியே போனாள். சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் ‘வாறேன்’ என்று சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. அந்த வழக்கத்தை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

மாலதி பேனாவைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். அவள் எழுதுகிறாளா என்று வெங்கடேஷ் சற்று நேரம் பார்த்தார். பிறகு கோப்பைத் தன் பக்கம் இழுத்து, விதிப்படி, ஒரு எழுத்துப் பிழையும் இல்லாமல், தானே எழுதினார்: ‘மனுதாரர் மீண்டும் வருவதாகச் சொல்லவில்லை. கோப்பு முடிக்கப்பட்டது.’